பெருங்கூட்டமும் சிறு அறையும்: ஓல்னி ஊரின் இரு நண்பர்கள்



ஞாயிறு ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் கூறப்பட்டவுடன் ஆலய முற்றத்தில் இரண்டு வகையான மக்களைக் காணலாம். ஒரு சாரார் பத்துப் பேரோடும் இருபது பேரோடும் நின்று, நலம் விசாரித்து, சிரித்துப் பேசி, மனநிறைவோடு வீடு திரும்புவார்கள். மறு சாரார் பக்கவாசல் வழியாக அமைதியாக வெளியேறிவிடுவார்கள். முதல் வகையினரை நாம் உற்சாகமுள்ள விசுவாசிகள் என்கிறோம். இரண்டாம் வகையினரைப் பற்றி "ஐக்கியம் இல்லை", "பெருமை", "குளிர்ந்துபோனவர்கள்" என்று எளிதில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தப் பக்கவாசலில் செல்கிறவரே, புதன்கிழமை மாலை நான்கு பேர் அமர்ந்திருக்கும் ஒரு வீட்டு ஜெபத்தில் மனந்திறந்து பேசுவதையும் நாம் கண்டிருக்கிறோம்.

கூட்டம் பெரிதாக இருக்கும்போது ஒருவர் மலர்கிறார், மற்றொருவர் சுருங்குகிறார். இது பாவமா, பலவீனமா, அல்லது தேவன் வகுத்த இயல்பா? இவ்வாரம் இக்கேள்வியோடு பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திற்குச் சென்று, ஓல்னி என்னும் சிற்றூரில் அடுத்தடுத்து வாழ்ந்த இருவரைச் சந்திப்போம். ஒருவர் ஜான் நியூட்டன். மற்றவர் வில்லியம் கூப்பர்.

அவைக்கு முன் நிற்க இயலாதவர்

கூப்பர் 1731ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை ஒரு குருவானவர். ஆறு வயதில் தாயை இழந்த அச்சிறுவன் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். அங்கே வயதில் மூத்த மாணவன் ஒருவன் அவனை ஓயாமல் துன்புறுத்தினான். அந்த மாணவனின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் துணிவில்லாததால், அவனுடைய காலணியின் கொளுவியை வைத்தே அவனை அடையாளம் கண்டுகொண்டதாகக் கூப்பர் பிற்காலத்தில் எழுதினார். குனிந்த தலை நிமிராத ஒரு பிள்ளையை அந்த ஒரு செய்தியிலேயே நாம் கண்டுகொள்ளலாம்.

வளர்ந்தபின் அவர் சட்டம் பயின்றார். நெருங்கிய நண்பர் சிலரோடு இருக்கையில் நகைச்சுவையும் இனிமையும் நிறைந்தவராகவே இருந்தார். 1763ஆம் ஆண்டில் உறவினர் ஒருவரின் செல்வாக்கால், பிரபுக்கள் அவையில் நடவடிக்கைக் குறிப்பேடுகளைப் பேணும் எழுத்தர் பதவி அவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு வந்தது. பொதுமக்கள் முன் தோன்ற வேண்டிய தேவை மிகக் குறைவு என்பதாலேயே இப்பதவியை அவர் விரும்பினார். ஆனால் நியமனத்தைக் குறித்து எதிர்ப்பு எழுந்தது. அவருடைய தகுதியை அவையின் முன் நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

அந்த ஒரு நாளை எதிர்நோக்கியிருந்த மாதங்கள் அவரை நொறுக்கின. நாள்தோறும் அலுவலகம் சென்று குறிப்பேடுகளைப் புரட்டினார். எதுவும் மனத்தில் பதியவில்லை. சோதனைக்குரிய நாள் நெருங்கியபோது தம் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். தேவகிருபையால் அவர் பிழைத்தார். பதவி கைவிடப்பட்டது. செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் மருத்துவர் நத்தானியேல் காட்டன் நடத்திய மனநல இல்லத்தில் அவர் சேர்க்கப்பட்டார். விசுவாசமும் இரக்கமும் உடைய அம்மருத்துவரின் பராமரிப்பில் இருக்கையில், 1764ஆம் ஆண்டில் ரோமர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை வாசித்தபோது, கிறிஸ்துவின் பாவநிவாரணம் தமக்கும் உரியது என்ற நிச்சயம் அவருக்கு உண்டாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கூப்பருக்கு இரட்சிப்பின் நிச்சயம் கிடைத்தது; கூச்சம் நீங்கவில்லை. மனந்திரும்புதல் ஒருவரை மேடைப் பேச்சாளராக மாற்றிவிடும் என்று எண்ணுவது நம்முடைய ஊகமேயன்றி வேதத்தின் வாக்குத்தத்தம் அன்று.

கப்பலிலிருந்து வந்த போதகர்

நியூட்டனின் வரலாறு நம்மில் பலர் அறிந்ததே. 1725ஆம் ஆண்டில் பிறந்து, பதினோரு வயதில் கடலுக்குச் சென்று, அடிமை வியாபாரக் கப்பல்களில் பணியாற்றி, அவற்றிற்குத் தலைவராகவும் இருந்தவர் அவர். 1748ஆம் ஆண்டு மார்ச் மாதம் வீசிய கடும்புயலின் நடுவே தேவனை நோக்கிக் கூப்பிட்டார். அவருடைய வாழ்க்கை உடனே முழுவதும் மாறிவிடவில்லை. அதன்பின்னும் சில ஆண்டுகள் அந்தக் கொடிய வியாபாரத்திலேயே இருந்தார். பின்னர் கடல் வாழ்க்கையை விட்டு, லிவர்பூல் துறைமுகத்தில் அரசுப் பணி செய்து, 1764ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்று ஓல்னிக்கு வந்தார்.

ஓல்னி ஏழைகளின் ஊர். கையால் பின்னப்படும் சரிகைப் பின்னலே பல குடும்பங்களின் பிழைப்பு. நியூட்டன் வந்தபின் ஆலயத்தில் கூட்டம் பெருகியது. இடம் போதாமல் ஆலயத்தின் உட்புறத்தில் ஒரு மாடம் கட்ட வேண்டியதாயிற்று. ஆனால் நியூட்டன் பிரசங்க பீடத்தில் சிறந்த நாவலர் அல்லர் என்பதை அவருடைய நண்பரும் வாழ்க்கை வரலாற்று ஆசிரியருமான ரிச்சர்ட் சிசிலே எழுதியிருக்கிறார். நியூட்டனின் உண்மையான வல்லமை கடிதங்களிலும், தேநீர் மேசையைச் சுற்றிய உரையாடல்களிலும், வீடு வீடாகச் சென்ற சந்திப்புகளிலும் விளங்கியது. மாடம் நிரம்பியதோடு அவர் நிறைவடையவில்லை. பிள்ளைகளுக்கென ஒரு கூட்டம், ஜெபத்திற்கென ஒரு கூட்டம் எனச் சிறிய கூடுகைகளையும் ஏற்படுத்தினார்.

1767ஆம் ஆண்டில் கூப்பர் ஓல்னிக்கு வந்தார். அதற்கு முன் ஹண்டிங்டன் ஊரில் அன்வின் என்னும் குருவானவரின் குடும்பத்தோடு அவர் தங்கியிருந்தார். குதிரையிலிருந்து விழுந்து அக்குருவானவர் மரித்தபோது ஆறுதல் சொல்லச் சென்றவர் நியூட்டன். அந்தச் சந்திப்பின் பயனாக, கைம்பெண்ணான மேரி அன்வின் அம்மையாரும் கூப்பரும் ஓல்னியில் குடியேறினர். இரு வீடுகளின் தோட்டங்களும் அருகருகே இருந்தன. பின்வழியாகவே ஒருவர் வீட்டிலிருந்து மற்றவர் வீட்டிற்குச் செல்லலாம். ஊரில் இருக்கும் நாள்களில், விழித்திருக்கும் வேளையில் ஏழு மணி நேரம் தாங்கள் பிரிந்திருந்தது அரிது என்று நியூட்டன் நினைவுகூர்ந்துள்ளார்.

பெரிய வீட்டின் ஜெபக்கூட்டம்

ஓல்னியில் டார்ட்மவுத் பிரபுவுக்குச் சொந்தமான "பெரிய வீடு" என்ற மாளிகை ஆளின்றிக் கிடந்தது. 1769ஆம் ஆண்டில் அதன் அறை ஒன்றை நியூட்டன் ஜெபக்கூட்டத்திற்குப் பெற்றுக்கொண்டார். அந்தக் கூடுகை புதிய இடத்திற்கு மாறிய வேளைக்கென இரு நண்பர்களும் பாடல்கள் இயற்றினர். சரிகை பின்னும் பெண்களும் எளிய தொழிலாளரும் அமர்ந்த அந்த இடத்தில், பிரபுக்கள் அவையின் முன் நிற்க முடியாத கூப்பர் வாய்திறந்து ஜெபித்தார்.

அது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. கூப்பரின் மறைவுக்குப் பின் அளிக்கப்பட்ட நினைவுரை ஒன்றில் இச்செய்தி காணப்படுகிறது: ஜெபத்தை நடத்த வேண்டிய நாள்களில், அதற்கு முன் பல மணி நேரம் அவர் உள்ளம் கலங்கும், ஆனால் ஜெபிக்கத் தொடங்கியவுடன் அந்த நடுக்கம் முற்றிலும் அடங்கிவிடும். அவரைக் கேட்டவர்களோ, தேவனோடு முகமுகமாய்ப் பேசுகிற ஒருவரைக் கேட்டதாகவே உணர்ந்தனர்.

நியூட்டன் அவருக்கு வேறொரு பணியையும் தந்தார். கிராம மக்கள் பாடுவதற்கு எளிய பாடல்களை இருவரும் சேர்ந்து எழுதத் தொடங்கினர். 1779ஆம் ஆண்டில் "ஓல்னி பாடல்கள்" என்ற தலைப்பில் அவை நூலாக வெளிவந்தன. மொத்தம் 348 பாடல்கள். அவற்றுள் அறுபதுக்கும் மேற்பட்டவை கூப்பருடையவை. இம்மானுவேலின் இரத்தத்தால் நிறைந்த ஊற்றைக் குறித்து அவர் இயற்றிய பாடல் நம் தமிழ்ச் சபைகளிலும் மொழிபெயர்ப்பில் பாடப்படுகிறது. கூட்டத்தைக் கண்டு நடுங்கிய ஒருவரின் சொற்களை, இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெருங்கூட்டங்கள் தங்கள் சொற்களாகப் பாடி வருகின்றன. தேவன் அவரைக் கூட்டத்தின் முன் நிறுத்தவில்லை. அவர் சொற்களைக் கூட்டத்தின் வாயில் வைத்தார்.

1773ஆம் ஆண்டு

இந்த வரலாற்றை இவ்விடத்தில் முடித்துவிட்டால் கேட்பதற்கு இனிமையாக இருக்கும். ஆனால் உண்மையாக இராது.

1773ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில், தாவீது ராஜா தேவசந்நிதியில் அமர்ந்து நன்றி சொன்ன பகுதியை (1 நாளாகமம் 17) வைத்து நியூட்டன் பிரசங்கித்தார். அந்தப் பிரசங்கத்திற்கென அவர் எழுதிய பாடலே இன்று உலகெங்கும் பாடப்படும் "வியத்தகு கிருபை" பற்றிய பாடல். அதே மாதத்தில் கூப்பரின் மனநோய் மீண்டும் கடுமையாகத் திரும்பியது. தேவன் தம்மைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. அதன்பின் அவர் ஆலயத்திற்கும் ஜெபக்கூட்டத்திற்கும் செல்வதை விட்டுவிட்டார். அவ்வாண்டிலும் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார்.

நியூட்டன் செய்தது என்ன? 1773 ஏப்ரல் முதல் ஏறத்தாழ பதினான்கு மாதங்கள் கூப்பரையும் மேரி அன்வின் அம்மையாரையும் தம் குருமனையிலேயே வைத்துப் பராமரித்தார். ஜெபக்கூட்டத்திற்கு வரும்படி அவரை வற்புறுத்தவில்லை. "விசுவாசம் போதாது" என்று கடிந்துகொள்ளவும் இல்லை. சபைக் கூடுகைக்கு வர இயலாத ஒருவருக்குத் தம் வீட்டையே கூடுகையாக்கினார்.

பிற்கால எழுத்தாளர் சிலர் நியூட்டனைக் குறை கூறியுள்ளனர். மென்மையான மனமுடைய ஒருவரை ஜெபக்கூட்டங்களிலும் ஏழைகளைச் சந்திக்கும் பணியிலும் அளவுக்கு மீறி ஈடுபடுத்தியதே நோய் திரும்பக் காரணம் என்பது அவர்கள் வாதம். வேறு சிலர் இதை மறுத்து, கூப்பரின் நோய் நியூட்டனைச் சந்திப்பதற்குப் பல்லாண்டுகள் முன்னரே தொடங்கியது என்பதைச் சுட்டிக்காட்டுகின்றனர். கால வரிசை இவர்கள் பக்கமே நிற்கிறது. ஆயினும் முதல் வாதத்தைப் போதகர்களாகிய நாம் அலட்சியம் செய்யலாகாது. அமைதியான ஒருவரிடம் வரம் இருப்பதைக் கண்டவுடன், "சகோதரரே, இனி நீங்களே நடத்துங்கள்" என்று சுமையை ஏற்றிவிடும் பழக்கம் நம் சபைகளிலும் உண்டு. சிறு குழு கூச்சமுள்ளவருக்கு இளைப்பாறுதலாக இருக்கலாம். அதுவே அவருக்கு மேடையாக மாறினால் பாரமாகிவிடும்.

இன்னொரு உண்மையும் உண்டு. நல்ல நட்பும் நெருக்கமான ஜெபக்குழுவும் கூப்பரின் நோயைக் குணமாக்கவில்லை. இறுதிவரை, 1800ஆம் ஆண்டில் மரிக்கும்வரை, அந்த இருள் அவரைவிட்டு முழுவதும் நீங்கவில்லை. கூச்சம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. கூச்சம் ஓர் இயல்பு. அதற்கு ஏற்ற இடம் கொடுத்தால் போதும். மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருத்துவம் வேண்டும். மருத்துவர் காட்டனின் கரத்தைத் தேவன் பயன்படுத்தியதை மறவாதீர்கள். உங்கள் வீட்டிலோ சபையிலோ ஒருவர் வாழ்வில் நம்பிக்கை இழந்து பேசுவாரானால், அவரைத் தனியே விடாதீர்கள். ஜெபத்தோடு மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.

ஆயினும் அந்த நட்பு வீண்போகவில்லை. சிலர் மட்டுமே புழங்கிய அந்த வீட்டில் கூப்பர் வாழ்ந்தார். செடிகளை வளர்த்தார்; முயலினத்தைச் சேர்ந்த மூன்று காட்டுப் பிராணிகளைப் பழக்கி வளர்த்தார்; ஆங்கிலத்தின் மிகச் சிறந்த கடிதங்களுள் வைத்து எண்ணப்படும் கடிதங்களை எழுதினார். 1785ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நெடுங்கவிதை நாடெங்கும் புகழ்பெற்றது. குணமடையாத ஒருவரும் கனிகொடுக்க முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

அவையில் பேசியவரும் அறையில் எழுதியவரும்

1780ஆம் ஆண்டில் நியூட்டன் லண்டன் மாநகரச் சபை ஒன்றிற்கு மாற்றலாகிச் சென்றார். 1785ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் இளம் நாடாளுமன்ற உறுப்பினர் அவரை இரகசியமாகத் தேடி வந்தார். கதவைத் தட்டத் தயங்கி, அந்தச் சதுக்கத்தை இருமுறை சுற்றி நடந்தபின்னரே உள்ளே சென்றார். அவர் வில்லியம் வில்பர்போர்ஸ். பெரும் அவைகளில் அச்சமின்றிப் பேசும் நாவன்மை உடையவர். புதிதாய் மனந்திரும்பியிருந்த அவர், பொதுவாழ்வை விட்டு ஒதுங்கிவிடலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தார். நியூட்டன் அவரை அவையிலேயே நிலைத்திருக்கும்படி ஊக்கப்படுத்தினார்.

போதகரின் பகுத்தறிவு இங்கே விளங்குகிறது. கூப்பரிடம் "அவைக்குப் போ" என்று அவர் சொல்லவில்லை. வில்பர்போர்ஸிடம் "அறைக்குள் ஒதுங்கு" என்றும் சொல்லவில்லை. ஒவ்வொருவரையும் தேவன் உண்டாக்கிய விதத்தை அறிந்து, அவரவருக்கு உரிய இடத்தில் நிலைக்கச் செய்தார். பின்னர் நிகழ்ந்ததைப் பாருங்கள். வில்பர்போர்ஸ் நாடாளுமன்றத்தில் அடிமை வியாபாரத்திற்கு எதிராகப் பல்லாண்டுகள் போராடினார். 1788ஆம் ஆண்டில் கூப்பர் தம் அறையில் இருந்தவாறே அடிமைகளின் துயரைச் சொல்லும் பாடல்களை எழுதினார்; அவை மக்களிடையே பரவின. அதே ஆண்டில் நியூட்டன் தாம் கண்ட கொடுமைகளை வெளிப்படையாக அறிக்கையிட்டு ஒரு சிறுநூல் வெளியிட்டார். 1807ஆம் ஆண்டில் பிரிட்டனின் அடிமை வியாபாரம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அவையின் குரலும் அறையின் எழுதுகோலும் ஒரே நீதிக்காக உழைத்தன.

சிறு குழுவின் கனியில் நமக்கும் நேரடிப் பங்கு உண்டு. 1783ஆம் ஆண்டில் நியூட்டனும் மற்றும் சிலரும் சேர்ந்து "எக்லெக்டிக் சங்கம்" என்ற சிறு கூடுகையைத் தொடங்கினர. விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே அதன் தொடக்கம். ஒரு நாளுக்கு ஒரு கேள்வி என எடுத்துக்கொண்டு கலந்துரையாடுவார்கள். அந்தக் கூடுகையில் எழுந்த விவாதங்களின் பயனாக 1799ஆம் ஆண்டில் சர்ச் மிஷனரி சங்கம் பிறந்தது. அச்சங்கம் அனுப்பிய ரேனியஸ் ஐயர் 1814ஆம் ஆண்டில் சென்னைக்கும், 1820ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைக்கும் வந்தார். திருநெல்வேலித் திருச்சபையின் வளர்ச்சியில் அவருடைய பங்கு பெரிது. இன்று ஆயிரக்கணக்கானோர் கூடும் நம் கன்வென்ஷன் பந்தல்களின் வேர்களில் ஒன்று, லண்டனில் சிலர் அமர்ந்து பேசிய ஒரு சிறு அறையில் இருக்கிறது.

வேதம் காட்டும் வழி

ஆதித்திருச்சபை தேவாலயத்தில் ஒருமனமாய்த் தரித்திருந்தது, வீடுகள்தோறும் அப்பம் பிட்டது (அப். 2:46). பவுல் வெளியரங்கமாகவும் வீடுகள்தோறும் உபதேசித்ததாக எபேசு மூப்பர்களிடம் கூறுகிறார் (அப். 20:20). இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும்படி அப்போஸ்தலர் எவரையும் கேட்கவில்லை. பெருங்கூட்டத்தில் நாம் தனியர் அல்லர் என்பதை அறிகிறோம். சிறு குழுவில் நாம் அறியப்பட்டவர்கள் என்பதை உணர்கிறோம். இரண்டும் ஆத்துமாவுக்குத் தேவை. ஆனால் எவ்வளவு தேவை என்ற அளவு ஆளுக்கு ஆள் மாறுபடும்.

நம் ஆண்டவரின் நடத்தையை நோக்குங்கள். ஐயாயிரம் பேரைப் பந்தி அமர்த்தியவர் அவரே. ஆயினும் தெக்கப்போலியில் செவிடும் கொன்னைவாயுமான ஒருவனை அவரிடம் கொண்டுவந்தபோது, அவர் அவனை ஜனக்கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துச் சென்றார் (மாற்கு 7:33). ஊரார் அனைவரும் பார்க்கும்படி அற்புதம் செய்திருக்கலாம். பேச இயலாத ஒருவன் பலர் கண்முன் நிற்பதன் கூச்சத்தை ஆண்டவர் அறிந்திருந்தார் என்று எண்ண இடமுண்டு. குணமாக்கும் முன்பே அவனைக் கனப்படுத்தினார்.

எனவே அன்பானவர்களே, இவ்வாரம் மூன்று காரியங்களைச் சிந்தியுங்கள். கூட்டத்தில் மலர்கிற வரம் உங்களுக்கு இருந்தால், அதற்காக நன்றி சொல்லுங்கள்; அந்த வரத்தைக் கொண்டு பக்கவாசலில் செல்லும் ஒருவரைத் தேடுங்கள். ஆனால் அவரைக் கூட்டத்தின் நடுவில் இழுத்து நிறுத்தாதீர்கள்; அவர் வீட்டிற்கு ஒருநாள் மாலை செல்லுங்கள். நீங்கள் கூட்டத்தில் சுருங்குகிறவராக இருந்தால், அதை விசுவாசக் குறைவாக எண்ணி உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள். அதே வேளையில் கூச்சத்தைக் காரணம் காட்டி ஐக்கியத்தை முற்றிலும் விட்டுவிடவும் வேண்டாம். இரண்டு மூன்று பேர் கூடும் இடத்தை ஆண்டவர் தம் பிரசன்னத்திற்குச் சிறியதாகக் கருதவில்லையே (மத். 18:20). சபைப் பொறுப்பில் இருக்கிறவர்களோ, ஆலயத்தின் மாடம் நிரம்பியதா என்று மட்டும் எண்ணாமல், நம் வீடுகளின் பின்வாசல்கள் ஒருவருக்கொருவர் திறந்திருக்கின்றனவா என்றும் கேட்டுப் பார்ப்போமாக.

ஜெபிப்போம்: எங்களை வெவ்வேறு விதமாய் உருவாக்கிய ஆண்டவரே, திரளான ஜனத்தின் நடுவிலும் உம் வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்ட ஒரு கரத்தை நீர் அறிந்தீர். எங்கள் சபையில் பேசாமல் வந்து பேசாமல் செல்லும் ஒவ்வொருவரையும் நாங்களும் அறிந்துகொள்ளக் கிருபை தாரும். மனம் சோர்ந்திருப்போருக்கு நல்ல மருத்துவரையும் உண்மையான நண்பரையும் அருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.